மாணவர்கள் குறைந்த செலவில் ராக்கெட் என்ஜின் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் மாணவர்களின் ராக்கெட் என்ஜின் குழுக்களுக்குச் சில ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். புதிதாகச் சேருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். தரையில் இறுக்கிக் கட்டிவைத்து எரிக்கும் சோதனை என்ஜினைப் பற்றித்தான் பேச்சு. பறக்கும் ராக்கெட் வேறு கதை. அதற்கு இந்தப் படியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மாணவர்களால் இதெல்லாம் முடிகிற காரியமா?

முடியும். 1926 மார்ச் 16 அன்று ராபர்ட் கோடார்ட் ஏவிய உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் பறந்தது இரண்டரை நொடிதான். ஏறிய உயரம் 12 மீட்டர் சொச்சம். அன்று அவர் கையில் இருந்ததைவிட நல்ல லேத்தும் அளவுக் கருவிகளும் இன்று ஒரு சாதாரணக் கல்லூரிப் பட்டறையிலேயே கிடக்கின்றன. 2013இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக மாணவர்கள் உலோகத்தில் 3டி முறையில் அச்சிட்ட என்ஜினை எரித்துக் காட்டினார்கள். 2023 ஏப்ரலில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர் குழுவின் கலப்பு ராக்கெட் 64 கிலோமீட்டர் உயரம் தொட்டது.

ஆனால் அவர்களின் கடைசி என்ஜினைப் பார்த்துவிட்டு அதையே உங்கள் முதல் என்ஜினாக வரையாதீர்கள். என்னிடம் வந்த குழுக்களில் பாதியில் நின்றுபோனவை பெரும்பாலும் பெரிதாகத் தொடங்கியவைதான்.

திட, திரவ, கலப்பு: எதை எடுப்பது?

முதல் என்ஜினுக்குக் கலப்பு வகைதான் என்று அடித்துச் சொல்வேன். எரிபொருள் திடமாக எரியறைக்குள்ளேயே இருக்கும். ஆக்சிஜனேற்றி, அதாவது எரிவதற்கு ஆக்சிஜன் தரும் பொருள், வாயுவாகவோ திரவமாகவோ வெளியிலிருந்து குழாய் வழியே வரும். வால்வை மூடினால் எரிவது தணிந்துவிடும். இந்த ஒரு குணத்துக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

திரவ என்ஜினில் இரண்டு திரவங்களும் சரியான விகிதத்தில், சரியான நேரத்தில், சரியான அழுத்தத்தில் வந்து சேர வேண்டும். தொட்டி, வால்வு, குழாய் எல்லாமே இரண்டு மடங்கு. பழுதாகும் இடங்கள் இரண்டு மடங்குக்கும் மேல். செலவை ஏற்றுவது என்ஜின் அல்ல, அதைச் சுற்றியுள்ள குழாய் வேலைதான் என்பது ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தாலே விளங்கும்.

கலப்பிலும் ஆகச் சுலபமானது அக்ரிலிக் குழாயும் வாயு நிலை ஆக்சிஜனும். தடித்த சுவருள்ள ஒளிபுகும் அக்ரிலிக் குழாய். அதுவே எரிபொருள், அதுவே எரியறை. ஒரு முனையில் ஆக்சிஜன் நுழையும், மறுமுனையில் சூடான வாயு சீறி வெளியேறும் குறுகிய வாயான கிராஃபைட் நாசில். எரிவது கண்ணுக்கு முன்னால் நடக்கும். பற்றவைத்ததும் தலைப்பக்கம் மங்கலாக ஒரு மஞ்சள் ஒளி நிற்கும். ஆக்சிஜன் வால்வு முழுதாகத் திறந்ததும் அது வெளுத்துக் குழாய் நீளத்துக்கும் ஓடி நிறையும். பாதுகாப்புத் தடுப்புக்கு அப்பால் கேமராவில் இதைப் பார்த்த மாணவருக்கு எரிதல் எல்லைப்படலம் (எரிபொருள் பரப்பை ஒட்டித் தீ நிற்கும் மெல்லிய அடுக்கு) என்ற பாடத்தை மறுபடி நடத்த வேண்டியதில்லை.

திட உந்துபொருளை நாங்களே கலந்தால் இன்னும் மலிவாக முடியுமே?

வேண்டாம். எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அதை நிறுத்த வால்வு கிடையாது. கலக்கும்போதும், வார்க்கும்போதும், எடுத்துவைக்கும்போதும் ஆபத்து கூடவே இருக்கும். என் குழுக்களில் இதற்கு விதிவிலக்கு இல்லை.

எவ்வளவு பெரிய என்ஜின்? கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

உந்துவிசையிலிருந்து தொடங்குங்கள். முதல் என்ஜினுக்கு 20 நியூட்டன் போதும். இரண்டு கிலோ எடையைக் கையில் தூக்கிப் பிடிக்கும் அளவு விசை அது. கேட்டதும் மாணவர்களுக்கு முகம் வாடிவிடும். எரித்துக் காட்டியதும் மாறிவிடும்.

எரியறை அழுத்தம் 5 பார், அதாவது 5 லட்சம் பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். உந்துவிசை என்பது அழுத்தம், நாசில் தொண்டையின் (அதன் ஆகக் குறுகிய இடத்தின்) பரப்பு, உந்துவிசைக் குணகம் (நாசிலில் வாயு விரிவதால் விசை எத்தனை மடங்காகிறது என்று சொல்லும் எண்) என்ற மூன்றின் பெருக்கல். இந்த அழுத்தத்தில் வாயு கடல்மட்டக் காற்றுக்குள் விரியும்போது குணகம் சுமார் 1.1 வரும். 20ஐ 1.1ஆலும் 5 லட்சத்தாலும் வகுத்தால் தொண்டைப் பரப்பு 36 சதுர மில்லிமீட்டர். விட்டம் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர். ஒரு சாதாரண டிரில் பிட் போடும் துளை!

அடுத்தது ஓட்டம். வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்கு 1,600 மீட்டர் என்று கொண்டால், 20ஐ 1,600ஆல் வகுக்க, நொடிக்கு பன்னிரண்டரை கிராம். 5 நொடி எரிந்தால் எரிபொருளும் ஆக்சிஜனும் சேர்ந்தே 60 கிராமைச் சற்றுத் தாண்டும். குறைந்த செலவு என்பதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. சிறிய என்ஜினை ஒரே நாளில் நான்கு முறை எரிக்கலாம். பெரிய என்ஜினை ஆண்டுக்கு ஒருமுறை எரித்து, அது கெட்டுப்போனால் காரணம் தெரியாமல் விழிக்க வேண்டியதுதான்.

வாயுவின் வெப்பநிலை, மூலக்கூறு எடை, கலவை விகிதம் ஆகியவற்றுக்கு எரிதலின் வேதிச் சமநிலையைக் கணக்கிடும் நாசாவின் சிஇஏ நிரல் இருக்கிறது. ஆனால் முதலில் இந்தக் கைக்கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். நிரல் தரும் எண் கைக்கணக்கோடு ஏறக்குறைய ஒத்துவராவிட்டால், பெரும்பாலும் நீங்கள் அலகைத் தப்பாகக் கொடுத்திருப்பீர்கள்.

அப்படியானால் 100 நியூட்டனுக்கு எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கினால் போதாதா?

போதாது. கலப்பு என்ஜினின் பெரிய பலவீனம் இங்கேதான் தலைகாட்டும். திட எரிபொருளின் மேற்பரப்பு மெதுவாகத்தான் கரையும். அக்ரிலிக்கில், இந்த மாதிரிச் சிறிய ஓட்டத்தில், நொடிக்கு 0.2 மில்லிமீட்டர் என்ற கணக்கில் இருக்கும். 100 நியூட்டனுக்கு நொடிக்கு 25 கிராம் எரிபொருள் வேண்டும் என்றால், 30 மில்லிமீட்டர் துளையுள்ள குழாய் ஒரு மீட்டருக்கும் மேல் நீள வேண்டியிருக்கும்.

கரையும் வேகம் ஆக்சிஜனேற்றியின் பாய்வடர்த்தியை, அதாவது துளையின் ஒரு சதுர அலகு வழியே நொடிக்கு எவ்வளவு பாய்கிறது என்பதை, பொறுத்தது. அந்தச் சூத்திரத்தில் பாய்வடர்த்தியின் மேல் வரும் அடுக்கு எண் பெரும்பாலும் 0.5க்கும் 0.8க்கும் நடுவில் வரும். எரிய எரியத் துளை அகலும், பாய்வடர்த்தி குறையும், கலவை விகிதம் நகரும். அதனால் என்ஜின் தொடங்கும்போது ஒன்றாகவும் முடியும்போது வேறொன்றாகவும் நடந்துகொள்ளும். இதற்குப் பல துளைகள் போடுகிறார்கள்; வேறு எரிபொருள் தேடுகிறார்கள். பாரஃபின் மெழுகு உருகி, மேற்பரப்பிலிருந்து துளிகளாகப் பிய்ந்து ஓட்டத்தில் கலப்பதால், வழக்கமான ரப்பர் வகை எரிபொருள்களைவிட 3 முதல் 4 மடங்கு வேகமாகக் கரைகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் இரண்டாவது என்ஜினுக்கு நல்ல தலைப்பு.

உள்ளே 3,000 டிகிரி. எந்த உலோகம் தாங்கும்?

உங்கள் பட்டறையில் கிடைக்கும் எதுவும் தாங்காது. தாமிரம் 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எரியும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் வழி. ஐந்து நொடிக்குள் முடித்துவிட்டால் வெப்பம் சுவருக்குள் ஊடுருவ நேரமில்லை. கலப்பு என்ஜினில் எரிபொருளே சுவருக்குக் கவசமாகவும் இருக்கிறது. மிஞ்சுவது நாசில். அங்கே கிராஃபைட் போடுங்கள். அது உருகாது, ஆனால் ஆக்சிஜன் மிகுந்த ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அரிபடும். லேத்தில் வெண்ணெய் போலச் செதுக்கலாம், ஆனால் அந்தக் கரும்பொடி மின்சாரம் கடத்தும். லேத்தின் மோட்டாருக்கும் உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள்.

குழாய் வெடித்துவிடாதா?

எல்லோரும் பயப்படுவது குழாயின் சுவரை. நான் பயப்படுவது மூடிகளை.

பின்னாளில் நீங்கள் கட்டப்போகும் 500 நியூட்டன் என்ஜினை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் 20 பார், உள்விட்டம் 60 மில்லிமீட்டர், சுவர் 5 மில்லிமீட்டர் அலுமினியம். சுவரில் வரும் இழுவிசைத் தகைவு வெறும் 12 மெகாபாஸ்கல். 6061-டி6 அலுமினியம் 270க்கும் மேல் தாங்கும். சூட்டில் அதன் வலு வேகமாக இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால்கூட இடைவெளி அதிகம். அதே அழுத்தம் முனை மூடியைத் தள்ளும் விசை? 5,600 நியூட்டனுக்கும் மேல். அரை டன்னுக்கு மேற்பட்ட எடை அந்தச் சில போல்ட்டுகளில் தொங்குகிறது. போல்ட் துளை விளிம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, அந்த இடத்தில் அலுமினியம் கிழியுமா என்பதைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். அக்ரிலிக் என்ஜினில் மூடியைக் குழாயில் திருகவே கூடாது. இரு பக்கமும் உலோகத் தட்டுகள், நடுவில் நீளமான எஃகுத் தண்டுகள் என்று பிடித்துக் கட்டினால் விசை தண்டுகளுக்குப் போய்விடும். அக்ரிலிக் உடைந்தால் கூரிய சில்லுகளாகப் பறக்கும் என்பதால் சுற்றிலும் பாலிகார்பனேட் தடுப்பு கட்டாயம்.

கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றிச் சோதியுங்கள். காற்றை ஏற்றிச் சோதிக்காதீர்கள். தண்ணீர் அமுங்குவதில்லை, விரிசல் விட்டால் ஒரு பீச்சலோடு அழுத்தம் விழுந்துவிடும். அமுங்கிய காற்றோ அவ்வளவு ஆற்றலையும் ஒரே நொடியில் திருப்பித் தரும்.

நைட்ரஸ் ஆக்சைடு பாதுகாப்பானது என்கிறார்களே?

இரண்டாம் கட்டத்தில், வாயு ஆக்சிஜனுக்குப் பதிலான ஆக்சிஜனேற்றியாக, பல குழுக்கள் அதற்குத்தான் போகின்றன. காரணம் புரிகிறது. அறை வெப்பநிலையில் திரவமாகவே இருக்கும். 20 டிகிரியில் தன் ஆவியழுத்தத்தாலேயே சுமார் 50 பார் தரும். பம்ப் வேண்டாம்.

ஆனால் "பாதுகாப்பானது" என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் எதுவும் இல்லாமலேயே சிதைந்து வெப்பம் வெளிவிடக்கூடியது. 2007 ஜூலையில் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஸ்கேல்ட் காம்போசிட்ஸ் நிறுவனத்தில், நெருப்பே பற்றவைக்காத ஒரு வெறும் ஓட்டச் சோதனையில் தொட்டி வெடித்து மூன்று பேர் இறந்தார்கள், மூன்று பேர் காயமடைந்தார்கள். விண்வெளி எல்லை வரை கலப்பு ராக்கெட்டில் போய்த் திரும்பிய அனுபவம் உள்ள நிறுவனம் அது. இதைப் படித்த பிறகும் தொட்டிக்கு அருகே நிற்க விரும்பும் மாணவர் என் குழுவில் இருக்க முடியாது.

36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாக இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். வெயிலில் வைத்த சிலிண்டரில் காலையில் போட்ட கணக்கு மதியத்துக்குப் பொருந்தாது.

சுத்தம், சுத்தம் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

உயரழுத்த ஆக்சிஜனில் எண்ணெயும் கிரீஸும் எரிபொருள்தான். விரல் ரேகையில் ஒட்டும் எண்ணெய்ப் பசையும் அப்படித்தான். வால்வைச் சட்டென்று திறந்தால் குழாயின் முட்டுமுனையில் வாயு அமுங்கிச் சூடேறும். அங்கே ஒரு துளி பட்டறை எண்ணெய் இருந்தால் அதுவே தீப்பொறி. அதனால் ஆக்சிஜன் தொடும் ஒவ்வொரு துண்டையும் கொழுப்பு நீக்கியில் கழுவி, துடைத்து, உலர்த்தி, புதுக் கையுறையோடு எடுத்து, மூடிய பையில் போட்டுப் பெயர் எழுதி வைக்கிறோம். வால்வை மெதுவாகத் திறக்கிறோம். திருகிணைப்புகளில் ஆக்சிஜனுக்கென்று சான்றளித்த டேப் மட்டும்தான்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? எங்கே கூடாது?

சோதனை மேடைக்குப் பழைய எஃகுச் சட்டம் போதும்; அழகாக இருக்க வேண்டியதில்லை. நாசிலை நீங்களே கடைந்துகொள்ளலாம். மணி வடிவ நாசிலெல்லாம் இப்போது வேண்டாம். 15 டிகிரி கூம்பு கொடுங்கள், இழப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. உலோக 3டி அச்சையும் மறந்துவிடுங்கள். அதற்குப் பதில் சாதாரண 3டி அச்சுப்பொறியில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் எரிபொருள் உருளைகளை விதவிதமான துளை வடிவங்களில் அச்சிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

வால்வு, ரெகுலேட்டர், அழுத்த விடுவிப்பு வால்வு, உயரழுத்தக் குழாய், ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஆகியவற்றில் ஒரு காசு குறைக்காதீர்கள். யாரோ பயன்படுத்திய, வரலாறு தெரியாத வால்வை ஆக்சிஜன் பாதையில் போடாதீர்கள். பந்து வால்வை மூடும்போது அதன் உள்குழிவில் திரவம் சிக்கிக்கொள்ளும் என்பதால், நைட்ரஸுக்கு அந்தக் குழிவிலிருந்து அழுத்தம் வெளியேற வழியுள்ள வால்வாகவே வாங்குங்கள்.

என்ன அளக்க வேண்டும்?

குறைந்தபட்சம் உந்துவிசை, எரியறை அழுத்தம், ஆக்சிஜனேற்றி வரும் குழாயின் அழுத்தம். வெப்பநிலைக்குச் சுவரின் வெளிப்புறத்தில் ஒன்றிரண்டு கே-வகை வெப்ப மின்னிரட்டைகள் (வெப்பநிலையை அளக்கும் இரட்டை உலோகக் கம்பி உணரிகள்).

இங்கே எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் எரிசோதனைக்கு விசையை அளக்கும் லோடு செல்லோடு, அதன் அளவைக் கணினிக்கு அனுப்பும் எச்எக்ஸ்711 என்ற மலிவான சிறு பலகையை மாட்டியிருந்தோம். அதில் நொடிக்கு 10 அளவு, 80 அளவு என்று இரண்டு வேகங்கள் உண்டு. கைக்கு வந்த பலகை 10க்கு வைக்கப்பட்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மூன்று நொடி அருமையாக எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கணினியைத் திறந்தால் முப்பது புள்ளிகள். பற்றிய கணத்தில் ஒரு முட்டு கேட்டது எல்லோர் காதிலும் இருக்கிறது. வரைபடத்தில் அது இல்லை. இரண்டு மாத உழைப்பில் எங்களுக்குத் தேவைப்பட்ட ஒரே விடை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்துவிட்டது. இப்போது அழுத்த உணரியை நொடிக்கு ஆயிரம் முறையாவது பதிவு செய்யும் கருவியில்தான் இணைக்கிறோம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு, தெரிந்த எடையை மேடையில் தொங்கவிட்டு, எண் சரியாக வருகிறதா என்று பார்த்து எழுதி வைக்கிறோம்.

பற்றவைப்பதில் எது சிக்கல்?

நேரம். ஆக்சிஜனேற்றி நிறைந்த பிறகு தாமதமாகப் பற்றினால், தேங்கிய கலவை முழுதும் ஒரே அடியாக எரிந்து அழுத்தம் எகிறும். கெட்டித் தொடக்கம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்; என்ஜின்கள் உடைவதில் பெரும்பங்கு இந்த அரை நொடியில் நடக்கிறது. முதலில் தீ, அது இருக்கிறது என்று கேமராவிலோ தீயில் அறுந்துபோகும் கம்பியின் சமிக்ஞையிலோ உறுதி செய்துகொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் முக்கிய வால்வு. அக்ரிலிக் என்ஜினுக்கு மின்சாரத்தில் பழுக்கும் நிக்ரோம் கம்பியும் அதில் சுற்றிய எஃகுப் பஞ்சும் சிறு ஆக்சிஜன் ஓட்டத்தில் போதும். எல்லாவற்றையும் நுண்கட்டுப்பாட்டுப் பலகையே வரிசைப்படி செய்யட்டும். ஆனால் நிறுத்தும் பொத்தான் மட்டும் மென்பொருளை நம்பாமல் நேராக மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். மின்சாரம் போனால் வால்வு தானே மூடும் வகையாக இருக்க வேண்டும்.

சோதனை நாளில் என்ன ஒழுங்கு?

எரிப்பதற்குப் பல நாள் முன்பே, தீயில்லாமல் ஓட்டச் சோதனை நடந்திருக்க வேண்டும். அன்று ஒருவர் கையில் எழுதிய வரிசைப்பட்டியல். அவர் வாசிக்க, செய்பவர் செய்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்னொருவருக்கு வேலையே வேடிக்கை பார்ப்பதுதான்: எது சரியில்லை என்று தோன்றினாலும் "நிறுத்து" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, ஏன் என்று அப்போது யாரும் கேட்கக் கூடாது. அழுத்தம் ஏறிய பிறகு என்ஜினருகே ஆள் இல்லை. பற்றவில்லையா? ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். தொலைவிலிருந்தே அழுத்தத்தை வெளியேற்றி, மின்னிணைப்பைத் துண்டித்து, முன்கூட்டியே எழுதிவைத்த நேரம் வரை காத்திருங்கள்.

அனுமதியைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் நாட்டுச் சட்டம், கல்வி நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர், தீயணைப்புத் துறை ஆகிய மூன்றையும் வரைபட நிலையிலேயே அணுகுங்கள். என்ஜினைக் கட்டிய பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

எரித்தாயிற்று. அடுத்து?

ஆறிய பிறகு பிரியுங்கள். அக்ரிலிக் குழாயைத் தராசில் வையுங்கள். எரிவதற்கு முன்பிருந்த எடையிலிருந்து இதைக் கழித்தால் கரைந்த எரிபொருள் தெரியும். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்துளை பனிபடர்ந்தது போல் மங்கி, மெல்லிய அலைகளாக இருக்கும். தலைப்பக்கம், நடு, வால்பக்கம் என மூன்று இடங்களில் துளையின் விட்டத்தை அளந்து எழுதுங்கள். சுவரில் கரைந்த தடிமனை (விட்டம் கூடியதில் பாதி) எரிந்த நேரத்தால் வகுத்தால் உங்கள் என்ஜினின் கரையும் வேகம் வந்துவிடும். கணக்கில் வைத்திருந்த 0.2 பக்கத்தில் அதை எழுதுங்கள். நாசில் தொண்டையைப் பிளக் கேஜில் (துளையில் நுழைத்து அளக்கும் உருளை) அளந்து பாருங்கள்: 7.0 என்று கடைந்தது 7.2 ஆகியிருந்தால், பரப்பு கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடிவிட்டது. அழுத்த வரைபடம் கடைசி நொடியில் ஏன் சரிந்தது என்பதற்கு அதுவே காரணமா என்று சோதியுங்கள். பிறகு ஓ-ரிங்கை மாற்றி, புதுக் குழாயை ஏற்றி, ஆக்சிஜன் ஓட்டத்தை மட்டும் சற்றே கூட்டி, மற்ற எதையும் தொடாமல், மறுபடி எரியுங்கள்.